முருங்கை மரத்துக்குப் போன கடல் தூண்டில்தடி

ஆரையம்பதியில் இருக்கிறோம். என் கணவர் பழைய சாமான் கடையில் கடல்மீன் பிடிக்கும் தூண்டில்தடி ஒன்று வாங்கிவந்தார். மண்ணிறப் பெயின்ட் பூசியிருந்தது.

"பழசெண்டா கண்ணாடி பைபர்தான்" என்று சொல்லிவிட்டு, எந்த நாட்டுத் தடியென்று போனில் தேடத் தொடங்கினார்.

எங்கள் முருங்கை மரத்தை ஒட்டிக் கரண்ட் கம்பி போகிறது. பைபர்தானே, கரண்ட் பாயாது என்று காய் பறிக்க நுனியில் கத்தி கட்டி உயர்த்தினேன். பாரத்தில் நுனி வளைந்து, கத்தி தடியை உரசிக்கொண்டு விழுந்தது. உரசிய இடத்தில் பெயின்டுக்குள் கரிக்கறுப்பு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் உரசிய இடத்தைக் குனிந்து பார்த்தார். "கீழ வை புள்ள! இது கண்ணாடி இல்ல, காபன் பைபர். கம்பியில பட்டா கரண்ட் பாயும்."

இப்போது எந்தத் தடியையும் கம்பிப் பக்கம் உயர்த்துவதில்லை, முருங்கைக்காய் சந்தையில்தான். அவர் இன்னும் தடியின் நாட்டைத் தேடுகிறார். நான் பிடியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிவிட்டேன்: "கரண்ட் பாயும்."