வைத்த மொய்யை அப்படியே திருப்பினோம்

கடனை அடைப்பதற்காகக் காதுகுத்து வைத்த குடும்பம் எங்களுடையது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்த மண்டபம், எத்தனை ஆடு என்றுதான் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. மூட்டை ஏற்றும் இடத்தில் நிற்பார். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட நரைத்த மாதிரி இருக்கும். சம்பளம் மோசமில்லை, குடும்பமும் பெரிதில்லை. நாங்கள் இரண்டு பேர், ஒரே மகள். ஆனால் வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? அஸ்திவாரத்துக்கு வங்கிக் கடன். ஜன்னல் மட்டம் வந்ததும் கை வறண்டது, நகைகளை வங்கியில் அடகு வைத்தோம். கான்கிரீட் போட மகளிர் குழுவில் வாரக் கடன். பெயிண்டுக்கு இன்னொரு குழு. அந்தக் குழுவுக்குத் தவணை கட்ட மூன்றாவதாக ஒரு குழு. குடி போனபோது ஒவ்வொரு சுவரும் ஒவ்வொருவருக்குச் சொந்தமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரோட்டா வாங்கிவரக் கையில் காசில்லாத கடுப்பில், மொத்தம் எவ்வளவுதான் இருக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினேன். மாதத் தவணை மட்டுமே அவர் சம்பளத்தைத் தாண்டி நின்றது. அப்படியென்றால் இத்தனை மாதம் சாப்பிட்டது எந்தப் பணத்தில்? அதுவும் கடன்தான். குழம்பில் கிடந்த கத்தரிக்காய்வரைக்கும் கடன்.

அவரிடம் தாளை நீட்டினேன்.

"தப்பாக் கூட்டிருப்ப. மறுபடி கூட்டு," என்றார்.

மறுபடி கூட்டினேன். மளிகைக் கடைப் பாக்கியை முதல் தடவை விட்டிருந்தேன். தொகை இன்னும் ஏறியது. அதற்குப் பிறகு அவர் கூட்டச் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், அவருடைய அக்கா, அரியலூரிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"இத்தன வருசமா ஊருக்கெல்லாம் மொய் எழுதிருக்கீங்கல்ல? அத வசூல் பண்ண வேணாமா? புள்ளைக்குக் காதுகுத்து வைங்க. பாதிக் கடன் அடஞ்சிரும்."

"காது எப்பவோ குத்தியாச்சுங்களே," என்றேன். ஒரு வயதிலேயே பெரம்பலூரில் ஒரு நகைக்கடையில் குத்தியிருந்தோம்.

"குத்துனா என்ன? விசேசம் வெக்கலல்ல?"

எங்கள் ஊர் நியாயம் அது. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் விசேஷம் வைக்க முதலில் பணம் வேண்டுமே! மண்டபத்துக்கு அட்வான்ஸ், கிடா, சமையல் மாஸ்டர், பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபம்வரை எங்கள் முகத்தைப் போட்ட ஃபிளெக்ஸ். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இன்னும் கொஞ்சம் வாங்கினோம். ஏற்கெனவே துளை இருந்த காதில் ஆசாரி ஊசியைச் சும்மா வைத்து எடுத்தார். மகள் அதற்கும் அழுதாள்.

அன்றைக்கு எல்லார் கண்ணையும் பறித்தது என் தம்பி. வாலிகண்டபுரம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவன். தாய்மாமன் சீர் என்று மேளத்தோடு வந்தான். தட்டுத் தட்டாகப் பழம், பட்டுப் பாவாடை, அரைப் பவுனில் தோடு. மொய் எழுதுகிறவர் மைக்கில், "தாய்மாமன் மொய் இருபத்தஞ்சாயிரத்து ஒண்ணு!" என்று சொன்னபோது பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. என் பிறந்த வீட்டை இனி எவளாவது பேசட்டும் பார்க்கலாம் என்று நாத்தனார் முன்னால் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தேன்.

மறுநாள் மண்டபம், சமையல், பந்தல் என்று ஆளாளுக்கு வந்து வாங்கிப் போனது போக மிச்சத்தில் இரண்டு குழுக் கடனை முடித்தோம். நிஜமாகவே மூச்சு விட்டோம். அந்த மூச்சு வைகாசிவரை நீடித்தது.

வைகாசியில் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. ஜன்னல் கம்பியில் செருகி வைப்பேன். கம்பியில் இடமில்லாமல் போயிற்று. எங்களுக்கு ஐந்நூறு எழுதியவர் வீட்டில் கல்யாணம்; ஆயிரமாவது வைக்க வேண்டும். ஆயிரம் எழுதியவர் வீடு குடி போகிறார். ஆயிரத்தைந்நூறுக்குக் குறைந்தால் முகம் பார்க்க முடியாது. வாங்கியதற்கு மேல் கூட்டிப் போட்டால்தான் எங்கள் பக்கத்தில் உறவு தொடர்கிறது என்று அர்த்தம். அன்றைக்குத்தான் உறைத்தது. மண்டபத்தில் வந்து விழுந்தது எங்கள் பணம் இல்லை; அதுவும் கடன். காலண்டர் தாளில் நான் எழுதாமல் விட்ட கடன். பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடனை அடைக்க ஊர் முழுக்கக் கடன் வாங்கி, அதற்குப் பிரியாணியும் போட்டிருக்கிறோம்!

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. சம்பளம் வந்த அன்றே அரிசி, பள்ளிக்கூடம், தவணை என்று தனித்தனி டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். ஒரு டப்பா தீர்ந்தால் இன்னொன்றைத் தொடக் கூடாது. ரேஷன் அரிசியில் இட்லி சுட்டேன். கல் மாதிரி வந்தால் கல்லைத்தான் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா நின்றது. ஆலை வாசலில் டீ குடிப்பதை நிறுத்தி அவருக்கு ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்பினேன். கேஸ் இன்னும் சில நாள் வரட்டும் என்று காட்டிலிருந்து காய்ந்த பருத்தி மார்க் குச்சிகளை விறகுக்குச் சுமந்து வந்து வெந்நீர் போட்டேன். தீபாவளிக்கு லப்பைக்குடிக்காட்டில் வழக்கமான ஜவுளிக் கடைக்குப் போய், கையிலிருந்த காசுக்கு மகளுக்கு மட்டும் ஒரு பாவாடை எடுத்தேன். கடைக்கார பாய், "கடன்ல எடுத்தா எல்லாமே அழகாத்தான் தெரியும்மா. நீங்க காசுக்கே எடுத்துக்கங்க," என்றார். வருடக்கணக்காக எனக்குக் கடனில் கொடுத்த மனிதர்! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது.

மொய்க்கும் ஒரு சட்டம் போட்டேன். யார் எவ்வளவு வைத்தார்களோ அதை அப்படியே திருப்ப வேண்டும். ஒரு ரூபாய் கூடக் கிடையாது. அப்படித் திருப்பினால் மொய்யை முடித்துவிட்டோம், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள். பொருள் என்னவாக இருந்தால் எனக்கென்ன? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறவளுக்குத்தான் தெரியும். முதலில் மாட்டியது நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. மைக்கில் தொகையைச் சொன்னதும் அவர் முகம் கறுத்துப்போனது.

"சொந்தத் தம்பியே முடிச்சுட்டான்," என்று எனக்குக் கேட்கும்படியாகவே யாரிடமோ சொன்னார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

வரும் வழியில் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "நாளைக்கு ஓன் தம்பி வூட்டுக்கும் இதே கணக்குத்தான?" என்றார்.

"இதே கணக்குத்தான்," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். தேய்ந்தது. குழுக்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. மளிகைப் பாக்கி முடிந்தது, வீட்டுக்கு வாங்கிய வங்கிக் கடனும் முடிந்தது. நகைகளைச் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினோம். கடைசியில் நின்றது அம்மா எனக்குப் போட்ட ஆரம். சென்ற ஆண்டு அதையும் திருப்பினோம். வங்கியைவிட்டு வெளியே வந்ததும் அவர் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்; எந்த டப்பாவிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன், முறைத்தார். இனி யாருக்கும் பத்து ரூபாய் தர வேண்டியதில்லை, எந்த நகையும் இனி வங்கிக் கதவைத் தாண்டாது என்று நடுத்தெருவில் சத்தமாகச் சொன்னேன்.

அந்த மாதத்திலேயே தம்பி பத்திரிகை வைத்தான். அவன் மகனுக்குக் காதுகுத்து. ஆரத்தைப் போட்டுக்கொண்டு போனேன். ஏன் போடக் கூடாது? அத்தனை பேரும் பார்க்கட்டும் என்றுதான் முந்தானையைக்கூட ஒதுக்கி விட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மொய் மேசைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்தார்.

"அத்தை வூட்டு மொய், இருபத்தஞ்சாயிரத்து ஒண்ணு!"

மைக் கொஞ்சம் தயங்கிய மாதிரி எனக்குத் தோன்றியது. சாம்பார் வாளியோடு நின்ற தம்பி அதைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"என்னக்கா இது? முடிச்சுட்டியா?"

"எல்லாருக்கும் இப்படித்தான்டா செய்யறோம். மாமாவோட அக்காவுக்கும் இப்படித்தான் செஞ்சோம்."

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக இருந்தது. அவன், "சரிக்கா, சாப்புட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது என்னவோ போல் இருந்தது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் சமையல் கட்டுக்குப் போனேன். தம்பி மனைவி தனியாக உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். விசேஷ வீட்டுக்காரி, பட்டுச் சேலை கட்டியிருக்கிறாள். கழுத்தில் ஒரு கவரிங் சங்கிலி. வியர்வை பட்ட இடத்தில் கறுத்து இறங்கியிருந்தது.

"என்ன, நகையெல்லாம் பீரோவுலயே பூட்டி வெச்சுட்டியா? மகன் விசேசத்துக்குக்கூட எடுக்க மனசு வரலியா?" என்று கேலியாகத்தான் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"அது பேங்க்ல இருக்குங்க அண்ணி. ஓங்க பாப்பா காதுகுத்துக்கு வெச்சது. இன்னும் திருப்பல."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எங்க காதுகுத்துக்கா?" என்று முட்டாள் மாதிரி கேட்டேன்.

"சீர் செய்யக் கையில ஒண்ணும் இல்லீங்க. வெல வரட்டும்னு சேத்து வெச்ச வெங்காயம் பட்டறையிலயே அழுகிப்போன வருசம் அது. அக்கா அவங்க வூட்டு ஆளுங்க முன்னாடி தல குனியக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. எங்கிட்ட இருந்தது எல்லாத்தையும் கழட்டிக் குடுத்தேன். வட்டி மட்டும் கட்டிட்டு வர்றோம். விசேசம் வெச்சா வர்ற மொய்ல திருப்பிரலாம்னுதான் இதையே வெச்சோம். அண்ணி வூட்ல மட்டும் நல்லாப் போட்டு எழுதுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

சொல்லிவிட்டு அடுத்த பையில் தேங்காயைப் போட்டாள்.

நாங்கள் முதலில் முடித்த குழுக் கடன் எந்தப் பணத்தில் முடிந்தது? இவள் கழுத்திலிருந்து இறங்கிய பணத்தில். நான் கல் இட்லி தின்றேன், பருத்தி மார் சுமந்தேன் என்று மாரைத் தட்டிக்கொண்டிருந்த வருடங்களில் எல்லாம், எங்கள் கடனில் ஒரு பங்குக்கு இவள் வட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். நாங்கள் கடனை அடைக்கவில்லை. அதைத் தூக்கி இந்த வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அப்படி வைத்த வீட்டுக்கே இன்று வந்து, ஒரு பைசா கூட்டாமல், முடித்தும்விட்டோம். மைக் போட்டு ஊருக்கே சொல்லியாயிற்று. இப்படியும் நடக்குமா? ஒருத்தருக்கும் துரோகம் நினைக்காமல், கணக்காக வாழ்ந்தே இதைச் செய்ய முடியுமா?

ஆரத்தின் கொக்கியை நெருடினேன். கழற்றி அவள் மடியில் வைத்தேன்.

அவள் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். ஐயையோ என்னங்க அண்ணி இது என்று பதறிக் கையைப் பிடித்துத் தடுப்பாள், நானும் வற்புறுத்துவேன், இருவரும் அழுவோம், பிறகு ஏதாவது ஒரு வழி பேசிக்கொள்ளலாம் என்று அந்தக் கண நேரத்திலும் மனசு எங்கோ ஒரு மூலையில் கணக்குப் போட்டிருக்கிறது.

அவள் தேங்காய் நார் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தாள்.

"எத்தன பவுனுங்க அண்ணி?" என்றாள்.