நைட்ரேட் நோட்டு

நேற்றுக் காலை என் மகள் தன் ஆய்வக நோட்டைக் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டம்ளர் தேடிக்கொண்டிருந்தாள். நான் பாய்ந்துபோய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். பால் பொங்கி வழிந்தது.

"இன்னாமா ஆச்சு உனக்கு? நோட்டுதானே," என்றாள்.

கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்ய அவளுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. கல்லூரியின் சாதனைப் பட்டியலில் பெயர்கூடப் போட்டுவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய நான் நோட்டைக் கீழே வைக்காமல் நின்றேன். அட்டையில் லேசான அமில வாடை. எத்தனை வருடமானாலும் அந்த வாடை மாறவில்லை, பாருங்கள்.

1991-இல் சென்னையில் ஒரு பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் பஸ். பூந்தமல்லி வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். எங்கள் பேராசிரியை வருடத்துக்கு ஒரே ஒரு மாணவியைப் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவார். அந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரகடம், படப்பைப் பக்கத்து வயல் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் எவ்வளவு என்று மாதக்கணக்கில் அளந்திருந்தேன். பாட்டில்களோடு ஏறினால் கண்டக்டர், "இன்னா பாப்பா, சரக்கு கடத்துறியா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

ஜூனில் நேர்முகத் தேர்வு. பக்கத்துக்குப் பக்கம் மேடம் கையெழுத்துப் போட்ட அசல் நோட்டைக் காட்ட வேண்டும். நகல் செல்லாது.

மே மாதம் எங்கள் ஊரில், முன்னாள் பிரதமரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எங்கள் வீட்டை மட்டும் சொல்கிறேன். யார் வந்தார்கள், யார் தங்கினார்கள் என்று போலீஸ் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தது. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். செய்தித்தாளை விளம்பரம்கூட விடாமல் படிப்பவர். வெடிமருந்தில் நைட்ரேட் சேரும் என்று எதிலோ படித்துவிட்டார்.

ஒரு காலை, கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பிலிருந்து துணியும் பசையும் கருகும் நாற்றம் வந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து குச்சியால் எதையோ உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா எரிக்கிறே?"

"உன் நோட்டு. வாய மூடிக்கினு உள்ள போ."

நான் உள்ளே போகவில்லை.

"அது கெணத்துத் தண்ணிப்பா."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வர்றவனுக்குத் தெரியுமா? எங்க பாத்தாலும் நைட்ரேட்டு. நடுவுல மேப்பு, செவப்புப் புள்ளி, ரகசிய நம்பரு. கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

அந்த நம்பர்கள் என் மிடுக்கு. 'முனுசாமி வயல் கிணறு' என்று எழுதியிருக்கலாம். பெரிய விஞ்ஞானி மாதிரி தெரியட்டும் என்று 'கே-1', 'பி-4' என்று போட்டுவைத்தேன். பெயரை எழுதியிருந்தால் அப்பா தொட்டிருக்கமாட்டாரோ என்று இன்றும் தோன்றுகிறது.

இரண்டு நாள் கழித்து ஓர் ஏட்டு வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

மேடம் நான் சொன்னதை முழுக்க நம்பினார். "ஆனா நோட்டு இல்லாம உன்ன எப்படிம்மா அனுப்புறது?" என்றார். வேறொரு பெண் பெங்களூர் போனாள்.

அப்பா ஒரு குயர் வெள்ளைக் காகிதம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"ஞாபகத்துல இருந்து எழுதிடேம்மா. நீ கெட்டிக்காரியாச்சே."

"ஞாபகத்துல எழுதினா அது பொய்ப்பா."

அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது. பிறகு சாகும்வரை என் புத்தகம் எதையும் அவர் கையால் எடுக்கவில்லை.

நான் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தேன். பெங்களூர் போகாததற்காகத்தான் பல வருடம் அழுதிருக்கிறேன். போன மாதம் ஷிப்ட் பஸ்ஸில் போகும்போதுதான் வேறொன்று உறைத்தது. பி-4 இருந்த இடத்தில் புதுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. கே-1-க்கு மேல் தார் ரோடு. எல்லாக் கிணறுகளையும் மண் கொட்டி மூடிவிட்டார்கள். இனி யார் வந்தாலும் ஒரு வாளி மொண்டு அளக்க முடியாது. அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று எழுதிய ஒரே நோட்டும் இல்லை. எழுதிய எனக்கு, ஓர் அளவுகூட நினைவில்லை.