மூன்றாவது விசில்

சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, கோழிக்கடைக்கும் ஆயத்த ஆடைக் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருப்பது மங்களம் மைக் செட். அதன் உரிமையாளர் எத்திராஜ், அகவை அறுபத்தெட்டு, மேல்நாட்டு ராக் இசையின் வரலாற்றில் இடம்பெற்றவர். இச்செய்தி முப்பதாண்டுக் காலம் அவருக்கும் தெரியாது, வரலாற்றுக்கும் தெரியாது.

மைக் செட் தொழிலுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, ஒலிபெருக்கியில் முதலில் எழுவது பிள்ளையார் பாட்டாக இருத்தல் வேண்டும். கடவுள் இல்லையென்று முழங்க வந்த கூட்டத்திலும், தலைவரின் கார் வந்து சேருமுன், ஆனைமுகன் துதி ஒருமுறை மெல்ல ஒலித்து அடங்கும்; தலைவர்களும் அதை அறிந்து சற்றே தாமதித்து வருவர். பிற மைக் செட்டுக்காரர்கள் கடையில் விற்கும் கேசட்டைப் போட்டார்கள். எத்திராஜ் போட்டது அவர் மனைவி மங்களம் பாடியது.

பாட்டை இயற்றியவர் மங்களத்தின் தந்தை முனியப்பன். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர். சுரங்கவாய்ப் பிள்ளையார்மேல் அவர் பாடியது அறுசீர் விருத்தம் ஒன்று. நான்கடியில் மூன்றாமடி மட்டும் ஐந்து சீரோடு நின்றுவிட்டது. இலக்கணம் கற்றவர் அருகில் எவரும் இல்லாமையால் அந்தக் குறையை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மங்களம் பாடும்போது அவ்விடத்தில் மூச்சை இழுத்துக்கொள்வார்; குறை தெரியாது.

முனியப்பன் மறைந்த மறு ஆண்டு, அவர் நினைவாக அப்பாட்டைப் பதிவுசெய்ய முடிவாயிற்று. தெருவின் ஆட்டோ ஓசை எட்டாத அறை சமையலறை ஒன்றே. அடுப்பில் பருப்பு இருந்தது. “மூணாவது விசில் வந்ததும் அணைச்சிடுங்க,” என்று கணவரிடம் சொல்லிவிட்டு மங்களம் மைக்கின் முன் அமர்ந்தார். இரண்டு விசில் பாட்டுக்கு முன்பே வந்து போயின. எத்திராஜின் கண்கள் டேப் ரெக்கார்டரின் முள்மீது இருந்தன, அடுப்பின்மீது இல்லை. மூன்றாமடி முடிந்தது. ஆறாம் சீர் இருந்திருக்க வேண்டிய அதே இடத்தில், முறை பிசகாமல், குக்கர் ஓரசைச் சீராகக் கூவியது.

“யோவ், அடுப்ப அணைய்யா, பருப்பு தீயுது,” என்று தாளம் தப்பாமல் சொல்லிவிட்டு, மங்களம் நான்காமடியை எடுத்தார்.

மறுபடி பதிய வேண்டும் என்றார் அவர். அதற்குள் எத்திராஜ் கேசட்டுக்குக் கற்பூரம் காட்டி ஒரு கல்யாணத்தில் போட்டுவிட்டார். அன்று கூடிய கருமேகம் பெய்யாமல் விலகிப் போயிற்று. ராசி கண்ட கேசட்டை மாற்றும் வழக்கம் அத்தொழிலில் கிடையாது. மங்களம் வாதிடவில்லை, மைக்கின் முன் பாடுவதை நிறுத்திக்கொண்டார். முப்பத்தேழு ஆண்டுகளாக நிறுத்தியே இருந்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சால்ட் ஃபெர்ரி என்னும் இங்கிலாந்து இசைக்குழுவினர் நால்வர் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தனர். மேடைக்கான ஒலிக்கருவிகள் இரண்டு லாரிகளில் பம்பாயிலிருந்து வந்தன. எத்திராஜுக்குக் கிடைத்தது வாயிலில் நான்கு கூம்பு ஒலிபெருக்கிகளும் ஒரு மைக்கும்: காணாமற்போனவர் பெயரையும், வழியை அடைத்து நிற்கும் வண்டிகளின் எண்ணையும் அறிவிப்பதற்கு. மாலை ஐந்தரைக்கு லாரி ஒன்றை நகர்த்தச் சொல்லுமாறு காவலர் கேட்டார். அன்றைக்கு அதுதான் முதல் அறிவிப்பு. முதலில் எது ஒலிக்க வேண்டும் என்பதில் எத்திராஜுக்கு ஐயம் இருந்ததில்லை.

மேடையில் கிடாரின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான்கு கூம்புகளும் கூடிப் பாடுவதைக் கேட்டார். குக்கர் கூவிய கணத்தில் நரம்பை வளைத்து அதே ஓசையால் விடையிறுத்தார். இருபதாயிரம் பேர் ஆர்த்தனர். டிரம்ஸ் புகுந்தது. பம்பாய் லாரிக்குள் சுழன்றுகொண்டிருந்த பதிவு நாடா அனைத்தையும் வாங்கிக்கொண்டது. எத்திராஜ் பாட்டு முடிந்ததும் லாரியின் எண்ணை வாசித்தார்.

நூல் ஒன்று பிறந்தால் உரை பிறக்கும். உரை பிறந்தால் மறுப்புரை பிறக்கும். மறு ஆண்டு இசைத்தட்டு வெளிவந்தபின், அந்த நரம்பு வளைவுக்குப் ‘பெங்களூர் பெண்ட்’ என்ற பெயர் நிலைத்தது. கிடார் வல்லவர் இமயத்தில் ஆறு மாதம் தவம் கிடந்து அதைப் பெற்றார் என்றது ஒரு சாரார் கொள்கை. அல்சூர்க் கோயில் நாதஸ்வரத்திலிருந்து பெற்றார் என்றது மற்றொன்று. பாடியவர் உலகைத் துறந்த பெண் துறவி என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். டிரம்ஸுக்கு அடியில் அதே பெண்குரல் விரைவாக ஏதோ சொல்வது கேட்கும், சொல் பிடிபடாது. அது மந்திரம் என்று கொள்ளப்பட்டது. உறையின் பின்புறம் இருந்த புகைப்படத்தில் ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் அதில் வண்ணத்தில் எழுதிய ‘மங்களம்’ என்ற ஐந்து தமிழ் எழுத்துகளும் தெளிவாகவே தெரிந்தன. மேல்நாட்டு அன்பர் சிலர் அவ்வெழுத்துகளைத் தோளில் பச்சை குத்திக்கொண்டனர். அதே உறையின் கீழே அச்சிட்டிருந்தது: குரல், அறியப்படாதது, பாடல், ட்ரெடிஷனல்.

நாதஸ்வரக் கொள்கையின் முதல்வர் கிளெமென்ட். காக்ஸ் டவுனில் கிடார் வகுப்பு நடத்துபவர். தமிழ் பேசுவார், படிக்க மாட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவருக்கு அந்த வளைவைக் கற்பித்து, வளைத்தபின் கண்ணை மூடி மந்திரத்தை மனத்துக்குள் முனகவும் பழக்கியிருந்தார். சென்ற ஆண்டு வகுப்பின் ஆண்டுவிழாவுக்கு, அருகில் கிடைத்த மைக் செட்டை அமர்த்தினார். எத்திராஜ் வந்தார், கூம்பைக் கட்டினார், கேசட்டைப் போட்டார்.

மூன்றாமடி முடிந்ததும் மண்டபத்தில் இருந்த மாணவர் எல்லாரும் ஆரவாரித்து எழுந்து நின்றார்கள்; பிறகு வந்த சொற்கள் அதில் அமுங்கின. கிளெமென்ட் ஓடிவந்தார்.

“அண்ணா, இது எங்கேந்து வருது?”

“கேசட்லேந்து.”

“அது தெரியுதுண்ணா. கேசட்டு எங்கேந்து வந்துச்சு?”

“எங்க வீட்டு சமையல்கட்டுலேந்து. என் சம்சாரம் பாடினது.”

“சும்மா இருங்கண்ணா. இந்த வாய்ஸ் யாருன்னு உலகமே முப்பது வருஷமா தேடுது.”

“உலகம் சிவாஜிநகர் பக்கம் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அன்று மாலையே எத்திராஜுக்கு முழு வரலாறும் உரைக்கப்பட்டது. பெங்களூர் பெண்ட், இமயம், பச்சை குத்திய தோள்கள் யாவற்றையும் பொறுமையோடு கேட்டார். அவர் மனத்தில் தங்கியது ஒன்றே: ‘அறியப்படாதது’. தாம் செய்த பிழையால் வாய் மூடியவரின் குரலை உலகம் கேட்டிருக்கிறது, பெயரைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் மங்களம் என்று அச்சாக வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

காலமும் வாய்த்தது. இசைத்தட்டின் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதன் உறையை அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு அந்த இசைத்தட்டு நிறுவனத்தின் வைட்ஃபீல்டு கிளையில் பணிபுரியும் தாரணியிடம் இருந்தது. அவர் கிளெமென்ட்டின் பழைய மாணவி. வெள்ளிக்கிழமை உறை அச்சேறும். புதன்கிழமை மூவரும் கடைக்கு மேலிருந்த வீட்டின் படியேறினர். மங்களம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

தாரணி கைப்பேசியில் இசைத்தட்டை ஒலிக்கவிட்டார். மூன்றாமடிவரை கேட்ட மங்களம் கைப்பேசியை உள்ளங்கையால் மூடினார்.

“இத யாரு கல்யாண வீடு தாண்டி வெளியில விட்டது?” என்றார். எத்திராஜ் சுவரில் இருந்த நாட்காட்டியில் அன்றைய திதியைத் தேடினார்.

“உலகம் பூரா முப்பது வருஷமா கேக்குது ஆன்ட்டி,” என்றார் தாரணி.

“அந்த விசிலோடயா?”

“விசில்தான் ஆன்ட்டி மெயினே.”

“எது விசில்?” என்று இடைமறித்தார் கிளெமென்ட். “அக்கா, அது நாதஸ்வரம். எங்கயோ தூரத்துல வாசிச்சது மைக்ல விழுந்திருக்கு.”

“மூணு லிட்டர் குக்கர் தம்பி. இன்னும் இருக்கு. கொண்டாந்து காட்டட்டுமா?”

“குக்கர் எல்லார் வீட்டுலயும் இருக்குக்கா. கேசட்டு இந்த ரெக்கார்ட பாத்துப் பின்னால பண்ணதா இருக்கலாம் இல்ல?”

எத்திராஜ் பழைய டேப் ரெக்கார்டரில் கேசட்டை இட்டு, ஹெட்ஃபோனைக் கிளெமென்ட்டின் காதில் மாட்டினார். டிரம்ஸ் இல்லாத பதிவு, மூடுவதற்கு எதுவுமில்லை. தாம் முனகி, தம் மாணவர் முந்நூறு பேரையும் முனக வைத்த மந்திரத்தைக் கிளெமென்ட் முதன்முதலாகச் சொல் சொல்லாகக் கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எத்தனாவது விசில்க்கா அது?”

“மூணாவது.”

“ஓ,” என்றார். அறிஞர்க்குரிய குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

“அப்ப ஆன்ட்டி பேர போட்டுடலாம்,” என்றார் தாரணி.

“வேணாம்மா.” மங்களம் மீண்டும் பீன்ஸை எடுத்தார். “எங்கப்பாரு சாமிப் பாட்டு. அதுல குக்கரு கத்துது. நடுவுல நான் வேற இவர ஏசறேன். அதுக்குக் கீழ எம்பேரப் போட்டா, பெத்தவருக்கு இவ பண்ண மரியாத இதுதான்னு ஆவும்.”

“மங்களம், நான் சொல்றத…” என்று தொடங்கினார் எத்திராஜ்.

“நீங்க அடுப்ப அணைச்சிருந்தா நான் இன்னிக்கு இத பேசவே வேணாம்.”

எத்திராஜ் மறுபடி நாட்காட்டிப் பக்கம் திரும்பினார். தாரணி மடிக்கணினியைத் திறந்தார். “சரி ஆன்ட்டி. பழசே இருக்கட்டும். குரல் அன்னோன், பாட்டு ட்ரெடிஷனல்.”

“ட்ரெடிஷனல்னா என்னா?”

“யாரு எழுதினதுன்னு இல்லாதது ஆன்ட்டி. காலங்காலமா இருக்கறது. எல்லாருக்கும் பொது.”

கத்தி தட்டில் வைக்கப்பட்டது.

“யாரு எழுதினதுன்னு இல்லாததா? எட்டு மணி நேரம் பூமிக்குள்ள இருந்துட்டு மேல வந்து, கை மண்ணு கூட கழுவாம எழுதுவாரு எங்கப்பாரு. பீடிக் கட்டுக் காயிதத்துல எழுதினது. பொதுவாம் பொது. எழுதிக்கம்மா. பாட்டு, முனியப்பன்.”

தாரணியின் விரல்கள் விரைந்தன.

“குரல், மங்களம். அப்பாரு பேரு தனியா நிக்கக் கூடாது. துணைக்கு இருக்கட்டும்.”

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மங்களம் அவரைப் பார்த்துவிட்டுத் தாரணியிடம் திரும்பினார்.

“வாத்தியத்துக்கெல்லாம் பேரு போடுவீங்களா?”

“எல்லாத்துக்கும் போடுவோம் ஆன்ட்டி.”

“அப்ப எழுது. குக்கர், எத்திராஜ்.”

“அது எதுக்கு?” என்றார் எத்திராஜ்.

“எம்பேரு வேணும்னா அதுவும் வேணும். தப்பு யாரு பண்ணதுன்னு படிக்கறவங்களுக்குத் தெரியணும் இல்ல?”

அவ்வாறே அச்சாயிற்று. வைட்ஃபீல்டில் நடந்த வெளியீட்டு விழாவுக்கு அன்பர் முந்நூறு பேர் கருஞ்சட்டையில் வந்திருந்தனர். குற்றப்பத்திரிகையாக எழுதப்பட்ட வரி, விருதாக வாசிக்கப்பட்டது. குக்கர் எத்திராஜ் என்று மேடைக்கு அழைத்தபோது எழுந்த கரவொலி, குரலுக்கும் பாட்டுக்கும் எழுந்ததைவிடச் சற்று மிகுதி. மங்களம் உறையை எழுத்தெழுத்தாகப் படித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கிளெமென்ட்டிடம் கேட்டார்: “பருப்பு தீஞ்சு அன்னிக்கு வீட்டுல எல்லாரும் வெறும் ரசம் ஊத்திச் சாப்ட்டோமே, அத எங்கயும் போடலியே தம்பி?”

கிளெமென்ட் அதையும் குறித்துக்கொண்டார். நாதஸ்வரக் கொள்கையை விடுத்து, குக்கர்க் கொள்கையை அவர் நிறுவியிருந்தார். இப்போது அவர் வகுப்பில் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று கொதிக்கிறது. சிறியதோ பெரியதோ சுருதி சேராது என்பது அவர் துணிபு.

விழா முடிவில் மங்களம் தாரணியைத் தனியே அழைத்து, அப்பாட்டைக் குறையின்றி ஒருமுறை பாடித் தருவதாகவும் அடுத்த பதிப்பில் அதையே சேர்க்கலாமென்றும் சொன்னார். தாரணி சற்றுத் தயங்கினார்.

“விசில் இல்லாமலா ஆன்ட்டி?”

ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், மங்களம் சமையலறையில் மைக்கின் முன் அமர்ந்தார். புதுக் கேசட். அடுப்பில் எதுவும் இல்லை. எத்திராஜ் அதை இருமுறை பார்த்து உறுதிசெய்தார். மங்களம் பாடினார். குரல் சற்றுத் தடித்திருந்தது, தடுமாறவில்லை. மூன்றாமடி முடிந்து, மூச்சை இழுத்து, நான்காமடியையும் பழுதின்றி முடித்தார்.

இருவரும் பதிவைக் கேட்டனர். மூன்றாமடியின் முடிவில் இருவரும் தம்மையறியாமல் அடுப்பைப் பார்த்தனர். மங்களம் அந்த அடியை மட்டும் மறுபடி போடச் சொன்னார். விரலை மடக்கி எண்ணினார். ஐந்து.

“என்னமோ கொறையுதுங்க,” என்றார்.

மங்களம் எழுந்து குக்கரை எடுத்தார். பருப்பைக் கழுவிப் போட்டார், மூடினார், அடுப்பைப் பற்றவைத்தார். முதல் விசில் வந்தது. இரண்டாவதும் வந்தது. அவர் மைக்கின் முன் வந்து அமர்ந்து, புடவையைச் சரிசெய்துகொண்டார்.

“இந்தத் தடவ அணைக்காதீங்க.”