தெருவில் பொறுக்கிய விதைகள்

ஆயுதபூஜைக்கு மறுநாள் எங்கள் விஜயநகர் தெருவில் நடப்பது சர்க்கஸ்தான். உடைத்த பூசணியில் வழுக்காமல் பால் வாங்கி வருவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். எல்லோரும் காலடியைப் பார்த்து நடப்பார்கள். நான் விதையைப் பார்ப்பேன். முற்றியதா, பிஞ்சா? சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சுதந்திரம் வந்து சில வருஷம். மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. குவார்ட்டர்ஸில் என் அறையில் இருந்தவள் ஸ்டெல்லா, அனூர் கிராமத்துக்காரி. அவள் அம்மா இறந்ததும் அண்ணன் நிலத்தை விற்றுவிட்டார். அம்மா வருஷா வருஷம் எடுத்து வைத்த சாம்பல்பூசணி விதையில் மீந்ததை இவள் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். சுரைக்காய் மாதிரி நீளக் காய். அந்த ஜாதியை வேறெங்கும் நான் கண்டதில்லை. வேலியோரம் விதைத்ததில் ஒன்றுதான் முளைத்தது. கொடியில் நின்றதும் ஒரே காய்.

அது முற்றுவதற்குள் அவளுக்கு ஷிமோகாவுக்கு மாற்றல்.

“சுணை உதிரட்டும், மேல சாம்பல் பூக்கட்டும். காம்பு காயாமப் பறிச்சுப்போடாத புள்ள!” ரயில் நகர்ந்த பிறகும் கத்திக்கொண்டே போனாள்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. நோயாளி வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுக் காயைப் பார்க்க ஓடி, அவரை மறந்தே போனதும் உண்டு.

ஆயுதபூஜையன்று டூட்டி முடிந்து வந்தால் காயைக் காணோம். வாசலில் ‘பட்’டென்று சத்தம். ஆம்புலன்ஸ் டிரைவர் சிவண்ணா அதைப் பறித்து, வண்டிக்குத் திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைத்திருந்தார். உள்ளே போட்ட காசுக்குப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். விதைக்கு நான் பாய்ந்தேன், வெள்ளை யூனிஃபாரத்தோடு.

“என்ன சிஸ்டர் இது?”

“விதைக்கு விட்ட காய் அது!” அழுகை முட்டியது.

“ஐயோ, கொத்தாகலில்லா சிஸ்டர், தெரியாமப் போச்சு” என்று அவரும் முழங்காலிட்டுப் பொறுக்கினார்.

குங்குமத்தைக் கழுவி, தண்ணீரில் போட்டால் பாதி பிஞ்சு, மிதந்தன. மூழ்கியதைக் காயவைத்து, நடந்ததையும் எழுதி ஷிமோகாவுக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. வெறுத்துவிட்டாள் என்றே முடிவு செய்தேன்.

அடுத்த தசராவுக்கு ஆளே வந்து இறங்கினாள். குழந்தையை இடுக்குவதுபோல் இடுப்பில் ஒரு நீளக் காய்.

“இந்தா, உறியில கட்டு. ரோட்டுப் பக்கம் கொண்டுபோயிராத!”

பிறகு ரொம்ப வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. ஒரு வீட்டில் விதை தவறினால் மற்ற வீட்டிலிருந்து வரும். போன வருஷம் மாடித் தொட்டியில் கடைசி விதைகளைப் போட்டேன். தினம் நாலு தடவை போய்ப் பார்த்தேன். முளைக்கவில்லை. கேட்டு வாங்க ஷிமோகாவில் இப்போது யாரும் இல்லை.