இறங்க மறந்தவர்கள்

பூமிக்கு அடியில் ஓடும் ரயிலைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் அம்மா என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். அது சித்திக்கு மாப்பிள்ளை பார்க்கும் பயணம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கீரனூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் முதல் பார்வையைக் கோயிலில் வைத்துக்கொள்வது வழக்கம். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் இரு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்களாகவே கலைந்துவிடலாம், யாருக்கும் தலைகுனிவில்லை. குன்றாண்டார்கோவில் குகைக்கோயிலுக்குச் சித்தி இப்படிப் பலமுறை போய்த் திரும்பியிருந்தாள். இந்த மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, லீவு கிடைக்காது. மெட்ரோ ஸ்டேஷனில் நில்லுங்கள், ரயிலில் வந்து இறங்குகிறோம் என்று அவருடைய அம்மா போனில் சொல்லிவிட்டார். இதுவாவது கூடிவர வேண்டுமே என்று அம்மா வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

நகரும் படியில் இறங்க இறங்க, வெயில் மேலேயே நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. அம்மாவுக்குக் குகைக்கோயில் நினைவு வந்ததோ என்னவோ, செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

“அக்கா, இது கோயிலு இல்ல. பேசாம வா” என்று சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கீழே பகலா இரவா என்றே தெரியவில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் இருட்டு. அதில் சித்தியின் பச்சைப் புடவையும் தலைப்பூவும் மிதந்தன. அதைப் பார்த்தே அவள் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். இருட்டுக்குள் வெளிச்சம் பெருகும், ரயில் வரும், கதவு திறக்கும், ஆட்கள் போவார்கள், மறுபடி இருட்டு. நாள் முழுக்க அங்கேயே நின்றிருப்பேன்.

“யாருக்கு சித்தி நிக்கிறோம்?”

“ஒரு மாமா வாராங்க. வெள்ளச் சட்ட. அவங்க அம்மாவும் கூட வாராங்க.”

நான்தான் முதலில் கண்டேன். கதவு திறந்ததும் உள்ளே வெள்ளைச் சட்டை, பக்கத்தில் ஓர் அம்மாள். அந்த அம்மாள் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் சித்தியின் நிறத்தைக் கூட்டித் தந்த போட்டோ அதில் இருந்திருக்கும். மகன் ஓரடி எடுத்து வைத்தார். அம்மாள் அவர் கையைப் பற்றினார். கதவு மூடத் தொடங்கியது.

எனக்குப் பதறிவிட்டது. பாவம், இதுதான் ஸ்டேஷன் என்று தெரியாமல் நிற்கிறார்கள்! கீரனூர் பஸ்ஸில் செய்வதையே செய்தேன்.

“ஹோல்டான்! ஹோல்டான்! ஆளு எறங்கணும்!”

கண்ணாடியைத் தட்டினேன். விசிலடிக்க அந்த ரயிலில் கண்டக்டர் இல்லை. வெள்ளைச் சட்டை மாமா என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பிளாட்பாரமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வாங்க, போவோம்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர் ரயிலில் வருவார்களே, நாம் போய்விட்டால் தேடி அலையமாட்டார்களா? சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஆமாடி, வருவாங்க. இருந்து பாப்போம்” என்றாள்.

எதிர்ப்பக்க ரயில் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நான் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தேன். சித்தி ரயிலைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனசு ஒடிந்துவிடக் கூடாதே என்றுதான் அவள் அங்கே நின்றாள். எனக்கோ, அவளுக்குத் துணையாக நான் நிற்பதாக நினைப்பு.