டெனிஸின் அலுமாரிச் செடி

ஸ்ட்ரெதத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் யாரும் பழம் வாங்குவதில்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் பழுத்த பழ வாசனை ஒன்று வரும். நாவற்பழமோ என்று நினைப்பேன். இல்லை, அதைவிட இனிப்பு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. மனைவி சாந்தி ஊரில், நீர்வேலியில் இருந்தாள். பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும், அவள் கடிதம் கிடக்கிறதா என்று வாசலில் குனிந்து பார்ப்பேன்.

வீட்டுக்காரர் டெனிஸ் முன்னர் பஸ் ஓட்டியவர். நரம்பு நோய் அவர் கால்களை முறுக்கிப் போட்டிருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தபோது, என்னை அழைத்துத் தன் அறை அலுமாரியைத் திறந்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஒரு சட்டி. அதில் இடுப்பளவுகூட வளராத, அடர்ந்த கஞ்சாச் செடி. அகன்ற இலைகளின் ஓரத்தில் ஊதா படர்ந்திருந்தது. பூங்கொத்துகளில் பனி விழுந்ததுபோலப் பிசின். வாசனை அங்கிருந்துதான் வந்தது.

"புளூபெரி. இண்டிகா இனம். உன் நாட்டுச் செடி," என்றார்.

"நான் இந்தியன் இல்லை. சிலோன்."

நான் பகிடி விட்டதாக நினைத்துச் சிரித்தார். வலிக்கு இது ஒன்றுதான் கேட்கிறது என்றார். தண்ணீர் ஊற்றச் சம்மதித்துவிட்டேன்.

பக்கத்து அறை ராசன் அண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? பொலிஸ் வந்தா உன்ர கேஸ் முடிஞ்சுது. சாந்தி அங்கயே இருக்க வேண்டியதுதான்."

"ஓம் அண்ணை. ஆனா செய்யிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

மறுநாள் பார்த்தால் இலைகள் தொங்கிப்போயிருந்தன. மண்ணில் விரலை விட்டேன், சேறு. டெனிஸ் ஆசையில் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார். நான் செம்மண்ணில் புகையிலை செய்தவன். தண்ணீரை நிறுத்தி, முள்ளுக்கரண்டியால் மண்ணைக் கிளறி, பழுத்த இலைகளைக் கிள்ளினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக நகத்துக்குள் மண். தோட்டத்தில் சாந்தியும் நானும் எதிரெதிர் வரிசையில் பக்கக்குருத்துக் கிள்ளிக்கொண்டு வருவோம். வரிசை முடிந்ததும் பிசின் பிடித்த கையை அவள் என் சேர்ட்டில்தான் துடைப்பாள். அலுமாரிக்கு முன்னால் இருந்து வாய்விட்டு அழுதேன்.

நான்கு நாளில் செடி நிமிர்ந்தது. அன்று காலை கதவைத் தட்டியவர் பொலிஸ்காரர். பக்கத்து வீட்டில் சைக்கிள் களவு போயிருந்தது. எதையும் பார்த்தாயா என்று கேட்டவர், மூக்கை உறிஞ்சி, "நல்ல வாசனை. ஜாம் காய்ச்சுகிறாயா?" என்றார். யெஸ் என்றேன். அவர் போனதும் மாடிக்கு ஓடி அலுமாரியை இழுத்துச் சாத்தினேன்.

டெனிஸ் திரும்பியதும், "இனி என்னால் முடியாது. என் மனைவி வரவேண்டும்," என்றேன்.

"அவளுக்கு இந்த வாசனை பிடிக்காதா?"

விண்ணப்பக் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டினேன். நெடுநேரம் வாசித்தார். பூ முற்றி மருந்தாக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்துச் செடியை அடியோடு வெட்டினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் படியேறும்போது முனகியதைக் கேட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தேன்.

எனக்கு அனுமதி கிடைத்து, சாந்தியும் வந்து சேர்ந்தாள். பயிர் செய்யக் கவுன்சில் கொடுக்கும் நிலத்துண்டுக்கு விண்ணப்பித்தோம். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் என் கை தன்பாட்டில் நீர்வேலி என்று எழுதிவிட்டது.

"என்னப்பா இது? வெட்டுங்கோ," என்றாள் சாந்தி.

எனக்குக் கை வரவில்லை. பேனையை அவள் வாங்கினாள். பிறகு நீர்வேலியை வெட்டாமல், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஸ்ட்ரெதம் என்று எழுதினாள்.