அசரீரி அக்கா

“பொம்பளன்னா வீட்டப் பாத்துக்கணும். ஆம்பளன்னா வெளிய போய் சம்பாதிக்கணும். இத மாத்துனா குடும்பம் குட்டிச்சுவராப் போயிடும்” என்று வானத்திலிருந்து குரல் வருகிறது. சொல்லிக்கொண்டே அந்தக் குரலுக்குரியவர் இருபது டன் இரும்புப் பெட்டி ஒன்றைக் கப்பலிலிருந்து தூக்கி, காற்றில் நகர்த்தி, கீழே நிற்கும் லாரியின் முதுகில் உட்கார வைக்கிறார். பெட்டி வந்து இறங்கியது தெரியாமல் லாரிக்காரர் இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்.

துறைமுகத்தில் அவருக்கு அசரீரி என்று பெயர். கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் அவர். கீழே இருக்கும் எங்களுக்கு முகம் தெரியாது. இடுப்பில் தொங்கும் வாக்கி டாக்கியில் குரல் மட்டும் வரும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உலக நியாயம் முழுவதையும் பேசித் தீர்ப்பார். எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் காதைப் பொத்திக்கொள்ளவும் வழியில்லை.

கொக்கி மாட்டுவதும், தூக்கலாம் என்று சைகை காட்டுவதும் என் வேலை. காலையில் முதல் பெட்டிக்கு முன் குரல் சற்று நேரம் நின்றுபோகும். அவர் கண்ணை மூடிக் கும்பிடுகிறார் என்று அர்த்தம். அது முடியும்வரை கப்பலே வந்து கெஞ்சினாலும் கிரேன் நகராது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது ஒருநாள் பேச்சுவாக்கில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு என் சொந்தப் பெயர் போய்விட்டது.

“ஏ நாத்திகம், கொக்கி மாட்டியாச்சா?”

“ஆச்சுக்கா.”

“சரி, மேல இருக்கறவரு பாத்துக்குவாரு.”

“மேல நீங்கதானக்கா இருக்கீங்க.”

“எனக்கும் மேலடா. உனக்கும் சேத்துத்தான் கும்புட்டிருக்கேன். பேசாம வேலையப் பாரு.”

எத்தனையோ வருடங்களாகத் தலைக்கு மேல் பெட்டிகள் போய்வரும் இடத்தில் நிற்கிறேன். சாயங்காலம் முழு ஆளாக வீடு திரும்புகிறேன். அதற்குக் காரணம் அவருடைய வேண்டுதலா, கையா என்று நான் விவாதிப்பதில்லை. இரண்டும் அவருடையவைதான்.

குடும்பத்தில் ஆண் சம்பாதிக்க வேண்டும் என்பவர் கிரேன் ஏறியது எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இந்த கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர். முதுகெலும்பு நழுவி, அவரால் ஏணி ஏற முடியாமல் போனது. அக்கா முதலில் கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தார். பிறகு பயிற்சிக்குப் போனார், பிறகு மேலே ஏறினார். கேட்டால், “இது அவரு வேலை. முதுகு சரியாகற வரைக்கும் நான் பாத்துக்கிட்டிருக்கேன். சரியானதும் குடுத்துட்டு எறங்கிடுவேன்” என்பார். அந்த முதுகு சரியாவதற்குள் அவருடைய இரண்டு மகன்களும் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, “இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன்” என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வார். சமைத்தவர் யார் என்பது துறைமுகத்துக்கே தெரியும். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டோம்.

எனக்கு மகள் பிறந்தபோது, மனைவியின் இரண்டு மாத விடுப்பு முடிந்ததும் நான் ஒரு மாதம் விடுப்பு கேட்டேன். அலுவலகமே சிரித்தது. அக்கா வாக்கி டாக்கியில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்: “ஆம்பள புள்ள வளக்கறதா? நாடு உருப்பட்ட மாதிரிதான்!” கிடைத்த விடுப்பின் முதல் நாள் காலை வீட்டு வாசலில் அவருடைய கணவர் நின்றார், முதுகில் பெல்ட்டோடு. “அவதான் அனுப்புனா. கொழந்தைய எப்படிக் குளிப்பாட்டறதுன்னு உங்களுக்குத் தெரியாதாமே” என்றார். வாரம் முழுக்க வந்தார். குழந்தையின் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அக்காவிடம் நன்றி சொன்னபோது, “அவரு வீட்ல சும்மாதான இருக்காரு” என்றார். அந்த வாக்கியத்தில் அவருடைய கொள்கைக்கு ஒரு சின்ன விரிசல் விழுந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

நாடு என்று வந்துவிட்டால் அக்காவிடம் விளையாட்டு கிடையாது. கண்ணாடி அறைக்குள் தேசியக் கொடி ஒட்டியிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் செய்த சோப்பு, சீப்பு எதுவும் அவர் வீட்டுக்குள் நுழையாது. “ஊருக்கெல்லாம் நீங்கதானக்கா எறக்கிக் குடுக்கறீங்க?” என்று மடக்கிப் பார்த்தேன். “எறக்கறது என் வேலை. வாங்கறது அவனவன் புத்தி” என்று முடித்துவிட்டார்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே வியாபாரம் மறுபடி தொடங்கிய புதிதில், போன வருடம், அந்த நாட்டுக் கொடியோடு ஒரு கப்பல் எங்கள் மேடைக்கே வந்து நின்றது. அன்று வாக்கி டாக்கியில் கடமைக்கு வேண்டிய சொற்கள் மட்டும் வந்தன. மாட்டு. தூக்கறேன். விடு. இவ்வளவுதான். அத்தனை நாள் அந்தப் பேச்சை நொந்துகொண்டவர்கள் அன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் கடிகாரம் நின்றுபோனால் வருமே, அப்படி ஓர் அமைதி.

மதியத்துக்கு மேல் கப்பலிலிருந்து கூச்சல் எழுந்தது. கப்பலின் அடிக்கிடங்கில் அவர்களுடைய ஆள் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். கால் முறிந்திருக்கிறது. கிடங்கு ஏணி செங்குத்தானது, ஸ்ட்ரெச்சரை அதில் ஏற்ற முடியாது. கிரேனில் ஆள் கூண்டை மாட்டித்தான் தூக்க வேண்டும். மேஸ்திரி வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

அவர் தயங்கியதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அக்காவின் ஒரே தம்பி ராணுவத்தில் இருந்தவன். அந்த நாட்டோடு நடந்த சண்டையில் அடிபட்டு விழுந்தான். போய்த் தூக்கிவர முடியாத இடம் என்று வீட்டுக்குத் தகவல் வந்தது. உயிர் போன பிறகுதான் தூக்கினார்களாம்.

“அக்கா, ஒரு ஆளத் தூக்கணும். அந்தக் கப்பல் ஆளு. உங்களுக்கு மனசு வரலன்னா அடுத்த கிரேன்காரர வரச் சொல்றேன்” என்றார் மேஸ்திரி.

மேலே கொக்கி அப்படியே நின்றது. பிறகு, “அவரு வந்து ஏற எவ்ளோ நேரமாகும்?”

“அர மணி ஆகும்க்கா.”

“அது வரைக்கும் அடிபட்ட ஆளு அங்கயே கெடக்கணுமா? கூண்ட மாட்டச் சொல்லுங்க.”

கூண்டில் நானும் ஏறினேன். கிடங்கின் அடியில் போய்ப் பார்த்தால், மாலுமி உடுப்பில் ஒரு பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, பொண்ணுக்கா. சின்னப் பொண்ணு.”

“என்னது?” அன்று முதல்முறையாக அந்தக் குரலுக்கு உயிர் வந்தது. “பொம்பளப் புள்ளயக் கப்பல் வேலைக்கு அனுப்பி வச்சிருக்கானுங்களா? அந்த நாட்டுல ஆம்பளைங்களே இல்லையா? பெத்தவங்களுக்குப் புத்தி எங்க போச்சு?”

பத்து மாடி உயரத்தில் கிரேனுக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்! மேஸ்திரி சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஸ்ட்ரெச்சரைக் கூண்டுக்குள் வைத்துக் கட்டினோம். கூண்டு தரையை விட்டு எழுந்தது. எழுந்தது என்பதே எனக்குக் கிடங்கின் சுவர் கீழே நகர்ந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் ஹெல்மெட் கவிழ்த்த கிண்ணம்போல் பக்கத்தில் கிடந்தது. அதுகூட ஆடவில்லை. எத்தனையோ பெட்டிகளை அவர் கைக்கு அனுப்பிவைத்தவன் நான். அந்தக் கையில் நானே இருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பயமே இல்லை. நம்பிக்கை என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தானோ என்னவோ.

வாக்கி டாக்கியில் வசவு ஓயவில்லை. ஆனால் கிடங்கின் வாய்க்கு மேலே வந்து வெளிச்சம் பட்டதும் குரல் இறங்கியது. “காலு அசையாமப் புடிச்சுக்க, நாத்திகம். தலைக்கு வெயில மறச்சு நில்லு. பயப்படாதம்மா. ஒண்ணும் இல்ல. இதோ வந்துட்டோம்.” ஒரு வார்த்தையும் புரியாத அந்தப் பெண், யார் இது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் மேலே கை காட்டினேன். அவள் வாக்கி டாக்கியை என்னிடமிருந்து வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் பக்கத்தில் கூண்டு இறங்கும்வரை கொடுக்கவில்லை.

வேலை முடிந்து அக்கா இறங்கி வந்தார். ஏணியின் அடியில் நின்று தண்ணீர் குடித்தார்.

“நல்லாக் கொண்டு வந்தீங்கக்கா. ரொம்ப நன்றி” என்றேன்.

“யாரு பெத்த புள்ளயா இருந்தா என்ன, விழுந்த எடத்துலயே கெடக்கக் கூடாது” என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “அதுக்காக அந்த நாட்ட மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத.”

நினைக்கவில்லை. மறுநாள் குரல் பழைய சுருதிக்கு வந்துவிட்டது. அந்த நாட்டுக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கும், எனக்கும் வழக்கமான பங்கு கிடைத்தது. எங்களுக்கு மூச்சு வந்தது.

கப்பல் புறப்படும் நாளன்று ஒரு கார் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து இறக்கியது. முழங்கால்வரை மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். கப்பலுக்குப் போக வேண்டியவள் நேராக எங்கள் கிரேனுக்கு அடியில் வந்து நின்று, கையால் வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது. அது பாதி வழியில் நின்றது. கண்ணாடி அறையின் சின்ன ஜன்னல் திறந்து ஒரு கை வெளியே வந்தது. போ, அந்தப் பக்கம் போ என்று விரட்டியது. அந்தப் பெண் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கையாட்டினாள். மேலேயிருந்த கை இன்னும் வேகமாக விரட்டியது. இவள் ஊன்றுகோலையே தூக்கி ஆட்டினாள்.

நான் ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்து வந்தேன். அங்கிருந்தும் அவள் அண்ணாந்தே நின்றாள். நானும் பார்த்தேன். பெட்டி இன்னும் அந்தரத்தில் நின்றது. அக்காவின் கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்த அந்தக் கை, பிறகு மெதுவாக விரிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.